டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பா, பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பா? கேம் மாஸ்டருக்கு எது சுமை குறைவு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி), பாத்ஃபைண்டர் இரண்டும் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டங்கள். சில வருடங்கள் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பை நடத்திவிட்டு, இப்போது பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு மாறியிருக்கிறேன். குழு அதேதான்: நான்கு பிளேயர்கள், வார இறுதியில் ஆன்லைனில் மூன்று மணி நேரம். எல்லோருக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் தயார் செய்ய எனக்குக் கிடைப்பது வார நாள் ஒன்றில் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம். அதனால் இந்த அலசலை முழுக்க கேம் மாஸ்டரின், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவரின், பக்கம் நின்றுதான் எழுதுகிறேன். என் ஓட்டு பாத்ஃபைண்டருக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுக்கும் வேர் ஒன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டி அண்ட் டி 1974-இல் வந்தது. அதன் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளியாகி, 2024-இல் திருத்தப்பட்டது. பாத்ஃபைண்டர், டி அண்ட் டி-யின் 3.5 பதிப்பிலிருந்து கிளைத்து 2009-இல் தனி ஆட்டமானது. இரண்டாம் பதிப்பு 2019-இல் வந்தது. இரண்டிலும் இருபது முகப் பகடையை உருட்டி, திறனைக் கூட்டி, இலக்கு எண்ணைத் தொட வேண்டும். ஆள் சேர்ப்பது டி அண்ட் டி-க்கு மிகச் சுலபம், பெயரைச் சொன்னாலே போதும். பாத்ஃபைண்டருக்கு ஆள் கிடைக்கக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

செலவு விஷயத்தில் பாத்ஃபைண்டர் தெளிவாக முந்துகிறது. அதன் விதிகள், மான்ஸ்டர்கள், ஸ்பெல்கள் (மந்திரங்கள்) எல்லாம் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் என்ற தளத்தில், வெளியீட்டாளரான பைஸோவின் ஒப்புதலோடே இலவசமாகக் கிடைக்கின்றன. டி அண்ட் டி தரப்பிலும் 2023 ஜனவரியில் உரிமம் பற்றி எழுந்த பெரிய சர்ச்சைக்குப் பிறகு அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டார்கள். ஆனால் அது சுருக்கப் பதிப்பு. 2014 விதிகளுக்கான அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு கிளாஸுக்கும் (வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகை) ஒரே ஒரு உட்பிரிவுதான், ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) மொத்தமே ஒன்றுதான். நான்கு பேரும் இதைத் தாண்டி விதவிதமான ஆளை உருவாக்க ஆசைப்பட்டால் புத்தகம் வாங்கியே ஆக வேண்டும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். என்னை மாற வைத்தது பணம் இல்லை, சண்டைகளைத் தயார் செய்யும் வேலை. இன்னும் சரியாகச் சொன்னால், தயார் செய்த சண்டை மேஜையில், அதாவது நிஜமாக ஆடும்போது, நான் நினைத்த அளவுக்குக் கடினமாக இருக்குமா என்ற நம்பிக்கை.

டி அண்ட் டி-யின் 2014 விதிப்படி ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஒரு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) மதிப்பு உண்டு. மான்ஸ்டர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அந்தக் கூட்டுத்தொகையைப் பெருக்க வேண்டும்: இரண்டு என்றால் ஒன்றரை மடங்கு, மூன்று முதல் ஆறு வரை என்றால் இரண்டு மடங்கு, இப்படிப் போகும். ஐந்தாம் லெவலில் நான்கு பேர், எதிரே நான்கு ஓகர்கள் (பருமனான அரக்கர்கள்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓகருக்கு 450, ஆக 1800, இரட்டித்தால் 3600. அந்தக் குழுவுக்கு 3000-ஐத் தாண்டினால் கடினமான சண்டை, 4400-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆக, காகிதத்தில் இது கடினம்.

மேஜையில் நடப்பது வேறு. முதல் சுற்றிலேயே விஸார்ட் (மந்திரவாதி) ஹிப்னாடிக் பேட்டர்ன் என்ற மயக்கும் ஸ்பெல்லைப் போடுகிறார். அவருடைய டிசி (எதிரி தொட வேண்டிய இலக்கு எண்) 15, ஓகரின் விஸ்டம் (மன உறுதி) −2. ஓகர் தப்பிக்கப் பகடையில் 17 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். ஐந்தில் நான்கு முறை விழாது. சராசரியாக நான்கில் மூன்று ஓகர்கள் நின்ற இடத்திலேயே செயலற்று நிற்கும், மிச்சமிருக்கும் ஒன்றை நால்வரும் சேர்ந்து முடிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக.

இதில் விஸார்ட் மேல் தப்பே இல்லை, அவர் நன்றாக ஆடுகிறார். கணக்கின் அளவுகோல்தான் வேறு. ஐந்தாம் பதிப்பு எடைபோடுவது ஒரு சண்டையை இல்லை, ஒரு நாளை. அதே குழுவுக்கு அதே விதிநூல் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் மொத்த அளவு 14,000 எக்ஸ்பி. நடுத்தரச் சண்டை 2000 என்றால் ஏழு சண்டைகள். ஆறு முதல் எட்டு என்று கேம் மாஸ்டர் நூலே சொல்கிறது. அத்தனை சண்டை நடக்கும் நாளில், ஐந்தாம் லெவல் விஸார்டிடம் இருக்கும் மூன்றாம் நிலை ஸ்லாட்டுகள் (ஸ்பெல் போடும் வாய்ப்புகள்) இரண்டில் ஒன்றை ஓகர்களுக்குச் செலவழிப்பது உண்மையிலேயே கனமான முடிவு. மூன்று மணி நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சண்டை நடத்தும் எங்களைப் போன்ற குழுவில் அது ஒரு முடிவே இல்லை. எப்படியும் ராத்திரி தூங்கி எழுந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இதைச் சமாளிக்க வழிகள் இல்லாமல் இல்லை. குழுவைத் துரத்தும் எதிரி, விடிவதற்குள் முடிக்க வேண்டிய சடங்கு என்று கதையிலேயே ஓய்வைத் தடுக்கலாம். சின்ன ஓய்வு எட்டு மணி நேரம், எல்லாம் திரும்பி வரும் பெரிய ஓய்வு ஏழு நாள் என்று மாற்றும் மாற்று விதியும் அதே நூலில் இருக்கிறது. நான் அதை நடத்தியிருக்கிறேன், கணக்கு உண்மையிலேயே சீராகிறது. ஆனால் விலை உண்டு. ஒவ்வொரு கதையையும் வாரக் கணக்கில் நீளும் பயணமாக எழுத வேண்டி வருகிறது. கோட்டைக்குள் ஒரே இரவில் நடக்கும் கொள்ளை மாதிரி ஒரு கதை அந்த விதிக்குள் அடங்காது. விதிக்கு ஏற்ற கதையைத் தேடுவதே என் தயாரிப்பு வேலையில் பாதியை விழுங்கியது.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு சண்டையைத் தனித்தனியாக எடைபோடுகிறது. நான்கு பேருக்கு நடுத்தரச் சண்டை 80 எக்ஸ்பி, கடுமையானது 120, உச்சம் 160. எந்த லெவலிலும் இந்த எண்கள் மாறாது. மான்ஸ்டரின் மதிப்பு அது குழுவின் லெவலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது: அதே லெவல் 40, இரண்டு கீழே 20, இரண்டு மேலே 80, மூன்று மேலே 120. மூன்றாம் லெவல் குழுவுக்கு ஒரு ஓகர் வீரனும் முதல் லெவல் அடியாட்கள் இரண்டு பேரும் என்றால் 40, 20, 20, மொத்தம் 80. முடிந்தது. ஐந்தாவதாக ஒரு பிளேயர் வந்தால் 20 கூட்ட வேண்டும். மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம், பஸ்ஸில் போகும்போதுகூட.

இந்தக் கணக்கு மேஜையிலும் நிற்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். அதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, சண்டை முடிந்து பத்து நிமிடம் காயத்துக்கு மருந்து போட்டால் நிறைய உயிர்ப்புள்ளி திரும்பிவிடும். குழு ஏறக்குறைய முழு பலத்தோடு வரும் என்று வைத்துத்தான் கணக்கே போட்டிருக்கிறார்கள். இரண்டு, பயிற்சி பெற்ற எல்லாத் திறனிலும் லெவல் கூடுகிறது. அதோடு இலக்கைவிடப் பத்து அதிகம் வந்தால் அது கிரிட்டிக்கல் (சேதம் இரட்டிப்பாகும்). ஆகவே இரண்டு லெவல் மேலே இருக்கும் மான்ஸ்டர் அடிக்கடி அடிப்பதோடு நிற்காது, அடிக்கடி இரட்டை அடியும் அடிக்கும். லெவல் என்ற ஒற்றை எண்ணுக்கு உண்மையான அர்த்தம் இருக்கிறது. மூன்று, ஒரே ஸ்பெல்லில் பாஸை (முக்கிய எதிரியை) முடக்க முடியாதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். எதிரியின் லெவல், ஸ்பெல் நிலையின் இரு மடங்கைத் தாண்டினால், முடக்கும் வகை ஸ்பெல்களுக்கு எதிராக கிடைக்கும் முடிவு அவனுக்குச் சாதகமாக ஒரு படி மேலே போய்விடும்.

பலன் என்னவென்றால், பாஸ் சண்டை பாஸ் சண்டையாகவே நடக்கிறது. செஷனுக்கு நடுவில் எண்களை மறைவாகக் கூட்டிக் குறைக்கும் வேலை எனக்குப் போய்விட்டது. அந்தக் கவனம் முழுவதையும் இப்போது எதிரி என்ன பேசுவான், எப்போது சரணடைவான் என்பதில் செலவழிக்கிறேன். என் பிளேயர்கள் சண்டைகளை நினைவு வைத்திருப்பது அதனால்தான் என்று நம்புகிறேன்.

சின்னச் சின்ன வசதிகளும் சேர்ந்துகொள்கின்றன. குழு ஊருக்குள் போய் மந்திரப் பொருள் வாங்கக் கேட்டால், பாத்ஃபைண்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் லெவலும் விலையும் அச்சிட்டிருக்கிறது. 2014 நூலில் அபூர்வ வகைப் பொருளின் விலை 501-இலிருந்து 5,000 பொற்காசு வரை என்ற அகலமான வரம்புதான், நடுவில் எங்கே என்பது என் தலையில். திடீரென்று பூட்டு உடைக்க, சுவர் ஏற ஒரு டிசி வேண்டுமென்றால் பாத்ஃபைண்டரில் லெவல்வாரியாக ஒரு அட்டவணை இருக்கிறது: முதல் லெவலுக்கு 15, ஐந்துக்கு 20, பத்துக்கு 27. நான் பார்த்துப் பார்த்து மனப்பாடமே ஆகிவிட்டது.

இனி மறுபக்கம். பாத்ஃபைண்டர் பிளேயர்களிடம் நிறையக் கேட்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஆக்ஷன் என்பது அழகான, புரியும் விதி. ஆனால் இரண்டாவது அடிக்கு −5, மூன்றாவதுக்கு −10, பயந்தவனுக்கு −1, பக்கவாட்டில் மாட்டியவனின் ஏசிக்கு (அவனை அடிக்கத் தொட வேண்டிய எண்) −2 என்று சின்ன எண்கள் குவிந்துகொண்டே போகும். நிலைமைகளின் பட்டியல் மட்டும் நாற்பதைத் தாண்டும். பேப்பரில் ஆடினால் யாராவது ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் ஃபவுண்ட்ரி என்ற ஆன்லைன் ஆட்ட மென்பொருளில் ஆடுவதால் அதுவே கூட்டிக் கழிக்கிறது. கேம் மாஸ்டர் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், பிளேயர்கள் பிரவுசரில் வந்து சேரலாம். பாத்ஃபைண்டருக்கான முழு விதித்தொகுப்பையும் தன்னார்வலர்கள் அதில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். நேரில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் குழுவுக்கு இதே பரிந்துரையை இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். நான் நேரில் நடத்தியது கொஞ்சம்தான், அப்போது வேகம் கண்கூடாகக் குறைந்தது.

மந்திரவாதி ஆடுபவர்களின் குறையும் நியாயமானது. ஐந்தாம் பதிப்பில் அறையையே புரட்டிப் போட்ட ஒருவர் இங்கே வந்தால், எதிரிக்கு ஒரு சுற்று −1 கொடுப்பதும் வெற்றிதான் என்று பழக வேண்டும். எங்கள் விஸார்டுக்கு அது பிடிபடச் சில மாதங்கள் ஆயின. எல்லோருக்கும் பிடிபடும் என்று உறுதி சொல்ல முடியாது.

வரைபடம் இல்லாமல் வெறும் பேச்சிலேயே சண்டை நடத்துகிறவர் என்றால் ஐந்தாம் பதிப்பிலேயே இருங்கள். பாத்ஃபைண்டரில் ஐந்தடிக் கட்டம் ஒவ்வொன்றும் கணக்கில் வரும், அதை மனதில் மட்டும் வைத்து நடத்துவது சிரமம். முதல்முறை ஆடுகிறவர்களை ஒரே ஒரு மாலைக்கு உட்கார வைக்கவும் ஐந்தாம் பதிப்புதான் சுலபம். சாதகம் இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடு என்ற ஒரு விதி அங்கே பத்து விதிகளின் வேலையைச் செய்கிறது. அதை நான் இன்னும் விரும்புகிறேன்.

2024 திருத்தத்தைப் பற்றி நான் பேசக்கூடியது கொஞ்சம்தான். மான்ஸ்டர் எண்ணிக்கைக்கான பெருக்கலைத் தூக்கிவிட்டார்கள், ஒரு நாளுக்கு இத்தனை எக்ஸ்பி என்ற கணக்கும் போய்விட்டது; கணக்கு நிச்சயம் எளிதாகிவிட்டது. நடத்திப் பார்த்த சில செஷன்களில் ஆரம்ப லெவல்கள் நன்றாகவே போயின. பெரிய ஓய்வில் எல்லா ஸ்லாட்டும் திரும்பி வருவது அப்படியே இருப்பதால் உயர்ந்த லெவலில் பழைய சிக்கல் தலைகாட்டும் என்று நினைக்கிறேன், ஆனால் அது ஊகம்தான். அதே மாதிரி பாத்ஃபைண்டரையும் பன்னிரண்டாம் லெவலுக்கு மேல் நான் நடத்தியதில்லை. மேலே போனாலும் கணக்கு தாங்குகிறது என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் கேட்டிருக்கிறேன்.

மாற முடிவு செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் கதையின் ஆட்களை நடுவில் புதிய விதிக்குப் பெயர்க்க வேண்டாம். எட்டாம் லெவல் ஆளை ஒரே நாளில் பாத்ஃபைண்டரில் எழுதினால், பிளேயர் தான் தேர்ந்தெடுக்காத பல ஃபீட்களோடு திணறுவார். கதையை ஒரு நல்ல இடத்தில் முடித்துவிட்டு, 2020-இல் வந்த பிகினர் பாக்ஸ் என்ற தொடக்கத் தொகுப்பில் முதல் லெவலிலிருந்து தொடங்குங்கள். அதிலுள்ள கதை ஒவ்வொரு அறையிலும் ஒன்றிரண்டு விதி மட்டும் கற்றுத் தருகிறது, கேம் மாஸ்டருக்கும் சேர்த்து. அது நடக்கும் ஓட்டாரி ஊருக்குப் பக்கத்திலேயே அபாமினேஷன் வால்ட்ஸ் என்ற பெரிய நிலவறைக் கதை இருக்கிறது, அப்படியே தொடரலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் கதையில் சிறிய அறை, உள்ளே இரண்டு மூன்று லெவல் மேலே இருக்கும் ஒற்றை மான்ஸ்டர் என்ற அமைப்பு அடிக்கடி வரும். புதிய குழு அங்கேதான் செத்துப்போகும். விதியிலேயே அதற்கு வழி இருக்கிறது: மான்ஸ்டரின் ஏசி, தாக்கு, சேவ் (பாதிப்பைத் தடுக்கும் உருட்டல்), டிசி, சேதம் எல்லாவற்றிலும் 2 குறைத்து, உயிர்ப்புள்ளியையும் அட்டவணைப்படி குறைத்தால் அது ஒரு லெவல் இறங்கிவிடும். ஃபவுண்ட்ரியில் ஒரே கிளிக். முதல் இரண்டு தளங்களுக்காவது தயங்காமல் அதைச் செய்யுங்கள்.