குமார பர்வதம் போகக் கிளம்புகிறவர்களுக்கு: அனுமதிச் சீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

போன அக்டோபரில் பெங்களூரிலிருந்து ஒரு ட்ரெக்கிங் குழுவோடு கர்நாடகத்தில் உள்ள குமார பர்வதம் மலைக்குப் போனேன். ஆளுக்கு 3,400 ரூபாய். பஸ், சாப்பாடு, வழிகாட்டி, மழைக்கோட்டு, வனத்துறை அனுமதி எல்லாம் அதிலேயே அடக்கம் என்றார்கள்.

மலையடிவாரக் கோயில் ஊரான குக்கே சுப்ரமண்யா நெருங்கும்போது, விடியற்காலையில், குழுவின் ஒருங்கிணைப்பாளர் என் இருக்கைக்கு வந்தார். "சார், ஒருத்தர் வரலை. கேட்ல கேட்டா அவர் பேரைச் சொல்லிடுங்க." எனக்கு அனுமதியே வாங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இறங்கித் திரும்பியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தாயிற்றே என்று தலையாட்டிவிட்டேன், தப்பு என்னுடையதும்தான். கொட்டுகிற மழையில் வனத்துறை கேட்டில் இருந்தவர் தலையை மட்டும் எண்ணினார்.

அந்த மலை 1,712 மீட்டர். குக்கே பக்கத்திலிருந்து ஒரு வழிக்கே சுமார் 13 கிலோமீட்டர், 1,600 மீட்டர் போல ஏற்றம். முதலில் அடர்ந்த காடு, வேர்கள், ஷூவுக்குள் அட்டை. அதுகூடப் பரவாயில்லை. காடு முடிந்து புல்வெளி முகடு வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. அவர்கள் தந்த 'மழைக்கோட்டு' சந்தையில் காய்கறி போடும் கவர் மாதிரி. அக்குளில் கிழிந்து, அப்புறம் முதுகில் கிழிந்து, உச்சிக்கு முந்தைய சிகரமான சேஷ பர்வதம் வருவதற்குள் கழுத்துப்பட்டை மட்டும் மிச்சம். பருத்திச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டி, நடந்துகொண்டே நடுங்கினேன்.

வழிகாட்டி வேகமாக நடப்பவர்களோடு முன்னே போய்விட்டார். அவருக்கும் அந்த மலை அதுதான் முதல் தடவையாம், பிறகு சொன்னார்கள். சேஷ பர்வதம் தாண்டிச் சோலைக்காட்டில் இறங்கி ஏறினால், உச்சிக்குக் கீழே தண்ணீர் வழிகிற பாறைச் சரிவு. மூடுபனியில் நானும் இன்னொருவரும் மட்டும். அவர் கால் ஒருமுறை வழுக்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இங்கே நான் விழுந்தால், பட்டியலில் இருப்பவர் பெங்களூரில் போர்வைக்குள் தூங்குகிறார். நான் இந்த மலையிலேயே இல்லை.

உச்சியைத் தொடாமல் இருவரும் திரும்பிவிட்டோம்.

கர்நாடக வனத்துறையின் ஆரண்ய விஹார இணையதளத்தில் அனுமதியை நாமே எடுக்கலாம். குழு மூலம் போவதானால், அனுமதிச் சீட்டை முதலில் வாங்கிப் பாருங்கள், உங்கள் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். நான் கிளம்பும் முன்னரே முழுத் தொகையையும் அனுப்பியிருந்தேன். மழைக்கோட்டையும் அவர்களை நம்பி விடாதீர்கள், தையல் வழியே நீர் புகாததாக உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த ட்ரெக்குக்கு 500 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் சான்றிதழ் வந்தது. வெற்றிகரமாகச் சிகரம் தொட்டதற்கு வாழ்த்துகளாம். பெயர், அந்த வராத ஆளுடையது.