கிராப்பி ட்ரோலிங்குக்கு வீட்டில் வார்த்த ஜிக்: சில வருஷம் இழுத்துப் பார்த்தபின்

வீட்டிலேயே ஜிக், அதாவது கொக்கியில் ஈயத்தலை வார்த்துப் பின்னால் இறகோ பிளாஸ்டிக்கோ வாலாக மாட்டுகிற தூண்டில், வார்த்தால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அச்சு, உருக்கும் பானை, கொக்கி, பவுடர் பெயின்ட் என்று எல்லாம் வாங்கி முடிக்கும்போது கடை ஜிக் பல பாக்கெட் வாங்கியிருக்கலாம். நான் இன்னும் வார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. எனக்கு வேண்டிய ஆழத்தில் ஓடுகிற, ஒன்றுக்கொன்று எடை மாறாத ஜிக் எனக்குக் கடையில் கிடைக்கவில்லை. ட்ரோலிங்கில், அதாவது படகை ஓட்டிக்கொண்டே ஜிக்கை இழுத்துப் பிடிப்பதில், அதுதான் முதல் விஷயம், நிறமும் வாலும் அதற்குப் பிறகுதான்.

நான் மீன் பிடிப்பது வட கரோலினாவில், பெரும்பாலும் ஜோர்டன் ஏரியில். ராலே, கேரி பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அது குளிக்கவும் கூடாரம் போடவும் போகிற இடம். ஹா நதியில் அணை கட்டித் தேக்கிய ஏரி, பரப்பு சுமார் 14,000 ஏக்கர், ஆனால் அவ்வளவு பரப்புக்கு ஆழம் குறைவு. மழை பெய்தால் தண்ணீர் பால் ஊற்றிய டீ நிறத்துக்கு மாறிவிடும். கரைப்பக்கத்தில் மரக்கட்டைகள் மூழ்கிக் கிடக்கும். கிராப்பிக்கு இங்கே குறைந்தது 10 அங்குலம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒருவருக்கு 20 மீன். 16 வயது ஆகிவிட்டால் லைசென்ஸ் கட்டாயம்.

கிராப்பியைத் தெரியாதவர்களுக்கு: உள்ளங்கை அளவிலிருந்து இரண்டு கை அகலம் வரை வளரும் தட்டையான நன்னீர் மீன். வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகை. சதை வெள்ளையாக, மென்மையாக இருக்கும், மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் அரிசி மாவு போட்டு வறுத்தால் வேறு மீன் கேட்க மாட்டீர்கள். வாய் காகிதம் மாதிரி மெல்லியது, வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். கண் மேல்நோக்கிப் பார்க்கிற மாதிரி அமைந்திருப்பதால் தலைக்கு மேலே போகிற இரையை ஏறி வந்து எடுக்கும், வயிற்றுக்குக் கீழே போவதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஜிக் மீனுக்கு ஓரடி மேலே ஓடினால் கடி வரும், இரண்டடி கீழே ஓடினால் நாள் முழுக்கச் சும்மாவே ஏரியைச் சுற்றலாம். ஆகவே ஜிக்கின் எடைதான் இங்கே எல்லாம்.

நாங்கள் செய்வது படகின் பின்னால் நீளமாகத் தூண்டில் நரம்பை விட்டு இழுக்கிற முறை. ஆறு ராடு, விசிறி போல விரித்து வைத்து, ஆறு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு, படகுக்குப் பின்னால் எண்பது தொண்ணூறு அடி, வேகம் ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 0.8 முதல் 1.2 மைல். இந்த அமைப்பில் 1/16 அவுன்ஸ் ஜிக் ஒரு மைல் வேகத்தில் ஏழடிப் பக்கம் ஓடும். வேகத்தைக் குறைத்தால் இறங்கும், கூட்டினால் ஏறும். படகு வளையும்போது உள்பக்க ராடுகளின் ஜிக் வேகம் குறைந்து கீழே போகும், வெளிப்பக்கத்து ஜிக் வேகமெடுத்து மேலே வரும். எந்தப் பக்கம் கடி வருகிறது என்று பார்த்தாலே மீன் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ஆறு ஜிக்கும் ஒரே எடையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒன்று கூட, ஒன்று குறைய இருந்தால் கடி எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது.

நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள், 0.01 கிராம் காட்டுவது. 1/16 அவுன்ஸ் என்றால் 1.77 கிராம். கடையில் வாங்கிய ஒரு பாக்கெட்டைக் கொட்டி எடை போட்டபோது ஒன்றரை கிராமும் இருந்தது, இரண்டு கிராமும் இருந்தது. குளத்தில் நின்று வீசிப் பிடிக்கிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆறு ராடு கட்டி இழுக்கிறவருக்கு அந்தப் பாக்கெட் ஆறு விதமான ஆழம்.

சரி, வார்ப்பு. இரண்டு பாதியாகத் திறக்கிற அலுமினிய அச்சு, ஒரே அச்சில் 1/32, 1/16, 1/8 என்று குழிகள் இருப்பது ஆரம்பத்துக்குப் போதும். ஈயம் சுத்தமான, மிருதுவான காரீயமாக இருக்கட்டும். கார் சக்கரத்தில் வைக்கிற எடைக்கட்டியை உருக்கினால் அதில் ஆன்டிமனி கலந்திருக்கும், இறுகி இருக்கும், சின்னக் குழியின் கழுத்து வரை ஓடாது. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், ஆனால் 1/32 மாதிரி பொடிக் குழி நிரம்ப 400 பக்கம் வேண்டும். அச்சும் சூடாக வேண்டும். முதல் நாலைந்து ஊற்றலும் அரைத்தலையாகத்தான் விழும், அதைத் திரும்பப் பானையில் போட்டுவிட்டுத் தொடர வேண்டியதுதான். குழிக்குள் மெழுகுவர்த்திப் புகையைக் காட்டிக் கரி படிய வைத்தால் ஈயம் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், இது செலவில்லாத வித்தை, உண்மையிலேயே வேலை செய்கிறது.

எடை மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் அச்சு இல்லை, ஊற்றுவாயில் நிற்கும் ஈயக்காம்பை எப்படி வெட்டுகிறோம் என்பதுதான். தலையோடு ஒட்ட வெட்டிய ஜிக்குக்கும் ஒரு மில்லிமீட்டர் காம்பு விட்டு வெட்டிய ஜிக்குக்கும் தராசில் வித்தியாசம் தெரியும். சூடு ஆறிய பிறகு நிப்பரால் வெட்டி, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, பிறகு எடை போட்டு டப்பாக்களில் பிரித்துவிடுவேன். ஒரு டப்பாவுக்குள் 0.05 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மீதம் வருவது வீசிப் பிடிக்கிற நண்பர்களுக்கு, அவர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள்.

கொக்கியில் எனக்கு ஒரே பிடிவாதம், மெல்லிய கம்பி. அபர்டீன் என்கிற நீளக்காம்புக் கொக்கி, நாலாம் நம்பர், வெண்கல நிறம். மரக்கட்டையில் மாட்டினால் நரம்பைக் கையில் சுற்றி நிதானமாக இழுக்க, கொக்கி நிமிர்ந்துகொண்டு வெளியே வந்துவிடும், இடுக்கியால் திரும்ப வளைத்துப் போட்டால் அடுத்த நிமிஷம் தண்ணீரில். கனமான கொக்கி போட்டால் நரம்புதான் அறும், ஜிக்கும் போச்சு. அரிவாள் வளைவுள்ள கொக்கி மீனின் மெல்லிய வாயில் நன்றாகவே நிற்கிறது, அதையும் வைத்திருக்கிறேன், ஆனால் ஒரு தடவை நிமிர்ந்த பிறகு பழைய வளைவுக்கு அது வருவதில்லை.

அடுத்தது பெயின்ட். இதில்தான் வீட்டு ஜிக் கடை ஜிக்கைத் தாண்டிப் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜிக்கைக் கொக்கி வளைவில் இடுக்கியால் பிடித்து, தலையை வெப்பக்காற்றுத் துப்பாக்கி முன்னால் சில நொடி காட்ட வேண்டும். பிறகு பவுடருக்குள் ஒரு வீச்சு, உள்ளே போய் உடனே வெளியே. சூடு சரியாக இருந்தால் பவுடர் கண்ணெதிரே உருகி, சொரசொரப்பு மறைந்து பளபளவென்று ஆகும். சூடு குறைந்தால் தலை மணல் ஒட்டின மாதிரி நிற்கும், திரும்ப லேசாகக் காட்டினால் சரியாகிவிடும். சூடு அதிகமானால்தான் தொல்லை, பெயின்ட் தடித்து மூக்கில் சொட்டாகத் தொங்கும், கொக்கிக் கண்ணும் அடைத்துவிடும். கண் அடைத்தால் ஈரம் இருக்கும்போதே ஊசியால் குத்தித் திறந்துவிட வேண்டும், ஆறின பிறகு குத்தினால் ஓரம் பெயர்ந்து வரும். மீன்தொட்டிக்கு வைக்கிற காற்றுப் பம்பை ஒரு குழாய்க்கு அடியில் மாட்டி, பவுடர் பொங்கிக்கொண்டே இருக்கும்படி செய்தால் பூச்சு எல்லாத் தலையிலும் ஒரே சீராக வரும். அந்தப் பம்பை ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வரிசையாகத் தொங்கவிட்டு, சின்ன ஓவனில் 177 டிகிரியில், அதாவது 350 ஃபாரன்ஹீட்டில், இருபது நிமிஷம். இந்த ஓவன் சாப்பாட்டுப் பக்கமே போகக் கூடாது. பலர் இந்தக் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு, பெயின்ட் உதிர்கிறது என்று குறை சொல்கிறார்கள். சுட்ட ஜிக்கைப் பாலத்துத் தூணில் அடித்தாலும் பெயர்வதில்லை, என் பெட்டியில் ஆரம்ப வருஷத்து ஜிக்கெல்லாம் இன்னும் நிறத்தோடு இருக்கின்றன, கொக்கிதான் துருப்பிடித்துப் போனது. மஞ்சள் கலந்த பச்சைக்கு, அதாவது சார்ட்ரூஸுக்கு, அடியில் வெள்ளை ஒரு பூச்சு போட்டால் கலங்கல் தண்ணீரில் எடுப்பாகத் தெரியும். ஜோர்டனில் சார்ட்ரூஸும் கறுப்பும் சேர்ந்தது, அப்புறம் பிங்க்கும் வெள்ளையும், இந்த இரண்டு போதும் எனக்கு.

வாலைப் பற்றி. எல்லோரும் மராபு என்கிற பஞ்சு மாதிரி இறகைத்தான் புகழ்வார்கள், தண்ணீரில் மூச்சு விடுகிற மாதிரி அசையும் என்பது நிஜம். ஆனால் ஒரு மைல் வேகத்தில் இழுத்தால் இறகு கொக்கியோடு ஒட்டிக் குச்சியாகிவிடுகிறது. மராபுவை நான் குளிர்த் தண்ணீருக்கு, 0.6 மைலுக்குக் கீழே இழுக்கும்போது மட்டும் வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் இரண்டு அங்குலம் சுருள்வால் பிளாஸ்டிக், கழுத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ, இல்லையென்றால் ஒவ்வொரு கடிக்கும் வால் நழுவி இறங்கும். கவனிக்க வேண்டியது, சுருள்வால் தண்ணீரைத் தள்ளுவதால் ஜிக்கை மேலே தூக்கும். அதே 1/16 தலையில் நேர்வால் போட்டால் அரையடியோ ஓரடியோ கீழே ஓடும். தலையை மாற்றாமல் வாலை மட்டும் மாற்றிவிட்டு 'நேர்வாலைத்தான் இன்று மீனுக்குப் பிடித்திருக்கிறது' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு, மீனுக்குப் பிடித்தது பெரும்பாலும் அந்த ஓரடி.

சொந்த ஜிக் எந்த ஆழத்தில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. கட்டை இல்லாத, தரை மட்டமான, எட்டடி ஆழமுள்ள இடம் ஒன்றைச் சோனாரில் கண்டுபிடியுங்கள். ஒரே ஒரு ராடு, அளந்து விட்ட நரம்பு. 1.2 மைலில் ஆரம்பித்து, பத்தில் ஒரு மைல் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ராடு நுனி தட்டுத் தட்டென்று தரையைச் சொல்கிற வேகத்தை எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அந்த ஜிக் எட்டடி. அடுத்து பத்தடி, பன்னிரண்டடி. இதற்கு ஒரு காலை நேரம் போகும், மீன் கிடைக்காது, ஆனால் அந்தத் தாள் பல வருஷம் உழைக்கும். நரம்பின் பிராண்டை மாற்றினால் மட்டும் திரும்பச் செய்ய வேண்டும், ஆறு பவுண்டு என்று எழுதியிருந்தாலும் தடிமன் ஒன்றாக இருப்பதில்லை. நாங்கள் 3/32 அவுன்ஸ் அச்சு வாங்கியதே அந்தத் தாளைப் பார்த்துத்தான். 1/16-க்கும் 1/8-க்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் மார்ச் மாதத்து மீன் நின்றது, அந்த எடை எங்கள் பக்கத்துக் கடைகளில் கண்ணில் படவில்லை.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம், விஷம். வீட்டுக்குள், சமையலறையில், மூடிய கராஜில் உருக்கவே கூடாது. வெளியே, காற்று அடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, முகமூடி, கண்ணாடி, தோல் கையுறையோடு. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நீராவியாக வெடித்து ஈயம் முகத்துக்குத் தெறிக்கும், அதனால் ஈரமான கட்டியைப் பானையில் போடாதீர்கள், மழைத்தூறல் நாளில் அடுப்பையே பற்ற வைக்காதீர்கள். முடிந்ததும் கையை நன்றாகக் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

காரீயமே வேண்டாம் என்றால் வெள்ளீயம், பிஸ்மத் கலவை இருக்கிறது. தொலைந்த ஜிக்கையும் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டையும் விழுங்கி லூன் பறவைகள் சாவதால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2016 ஜூனிலிருந்து ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவுமான காரீய ஜிக்குகளைத் தடை செய்துவிட்டது. இங்கே அந்தத் தடை இல்லை, ஆனாலும் கட்டை நிறைந்த ஏரியில் எத்தனை ஜிக் அடியில் தங்குகிறது என்று தெரிந்தபின் எனக்கு மனசு கேட்கவில்லை. 58 பங்கு பிஸ்மத், 42 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை 138 டிகிரியிலேயே உருகுகிறது, ஊற்றுவது சுலபம். சிக்கல் இரண்டு. அடர்த்தி காரீயத்தில் முக்கால் பங்குதான், 1/16 குழியில் ஊற்றினால் 1.77-க்குப் பதிலாக 1.34 கிராம் விழும், ஆழத்தாளில் அது வேறு ஜிக். இரண்டாவது, 177 டிகிரி ஓவனில் வைத்தால் பெயின்ட் இறுகுவதற்கு முன்னால் தலையே உருகி ஓடிவிடும், பவுடர் பெயின்டை மறந்துவிட வேண்டியதுதான். நக பாலிஷ் மேலே யுவி ரெசின் பூசிப் பார்க்கிறேன், நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் கட்டையில் உரசினால் சுட்ட பவுடர் அளவுக்குத் தாங்கவில்லை. கலவை நொறுங்கும் தன்மையுள்ளது, வாலைப் பிடிக்கிற கழுத்து முள் ஒடிவதும் உண்டு.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கரையிலிருந்து பிடிக்கிறவருக்கு இவ்வளவு வேலையும் தேவையில்லை, கடை ஜிக்கே போதும். படகும் நாலு ராடுக்கு மேலும் வைத்து, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இழுக்கிறவர் என்றால் தராசை முதலில் வாங்குங்கள், அச்சை அப்புறம் வாங்கலாம். கையில் இருக்கிற ஜிக்கை எடை பார்த்துப் பிரித்தாலே பாதி வித்தியாசம் தெரிந்துவிடும்.

இப்போது 3/32 குழியில் பிஸ்மத் கலவை ஊற்றுகிறேன், இரண்டு கிராம் வருகிறது, காரீய 1/16-ஐ விடக் கொஞ்சம் கனம், ஆனால் உருவம் பெரிதாக இருப்பதால் தண்ணீர் தடுக்கும். இரண்டும் ஒரே ஆழத்தில் ஓடுமா என்று தராசு சொல்லாது, எட்டடித் தரையில் பக்கத்துப் பக்கத்து ராடில் இழுத்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வேகக் கணக்கோடு எழுதுகிறேன்.