"இர்மா நேரம் படகு கிரனடாவில் நின்றது": புளோரிடாவில் பாவித்த கட்டமரான் வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு

புளோரிடாவில் பாவித்த பாய்க் கட்டமரான் (இரட்டை உடல் படகு) வாங்க யோசிக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் 2017 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்டு, கரிபியன் பக்கம் ஓடிய படகென்றால் கட்டாயம் வாசியுங்கள். புரோக்கர், சேர்வேயர் (வாங்க முன் படகைச் சோதித்து அறிக்கை தருபவர்), விற்றவர் யாருடைய பெயரையும் போடவில்லை. வழக்கறிஞர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். படகைக் கட்டிய கம்பனியின் பெயரும் தேவையில்லை. அவர்கள் கட்டியதில் ஒரு பிழையும் இல்லை.

நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம். ஒன்ராறியோ ஏரியில் 27 அடிப் பாய்ப்படகு ஒன்றை வைத்து வருடக்கணக்காக ஓடியவர்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தி, பஹாமாஸ் தீவுகளில் படகிலேயே இருந்து படிப்பிப்பது என்று திட்டம். கட்டமரான்தான் வேண்டும் என்று கேட்டது நான். ஒற்றை உடல் படகு காற்றில் சாய்ந்துகொண்டே ஓடும். அதில் சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரட்டை உடல் படகில் மேசையில் வைத்த தேத்தண்ணி வைத்த இடத்திலேயே இருக்கும். என் கணவருடைய அப்பா, அதாவது என் மாமா, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை ஆள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போன கதையைச் சோற்றோடு ஊட்டி வளர்த்த வீடு அது. கடலுக்குப் போகிறோம் என்றதும் மாமா மட்டும்தான் எங்களைப் பைத்தியம் என்று சொல்லவில்லை.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 2012இல் பிரான்சில் கட்டிய 40 அடிப் படகு, நிற்பது ஃபோர்ட் லோடர்டேல், ஒரே உரிமையாளர், 2019இல் முழுதாகப் புதுப்பித்தது, புதிய கம்பிகள், விலை 235,000 அமெரிக்க டொலர். என் கணவர் எழுதிய முதல் ஈமெயிலிலேயே கேட்டார்: இர்மா புயல் நேரம் படகு எங்கே நின்றது? புரோக்கரிடம் இருந்து எழுத்திலேயே பதில் வந்தது. கிரனடாவில் நின்றதாம்.

இந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2017 செப்டம்பர் 6ஆம் திகதி இர்மா ஐந்தாம் வகைப் புயலாக பிரித்தானிய வேர்ஜின் தீவுகளை அடித்தது. அங்குள்ள டொர்டோலா, உலகத்திலேயே வாடகைப் பாய்ப்படகுகள் மிக அதிகமாக நிற்கும் இடங்களில் ஒன்று. புயல் வருகிறது என்றால் படகுகளைப் பரக்கீற்றா பே என்ற கண்டல் மரங்கள் சூழ்ந்த களப்புக்குள் கொண்டுபோய் நெருக்கமாகக் கட்டுவது அங்கே வழக்கம். இர்மாவில் அந்தக் களப்பே படகுகளின் குப்பைமேடாகிவிட்டது. கட்டமரான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கவிழ்ந்து கிடக்கும் ஆகாயப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்சூரன்ஸ் கம்பனிகள் முழுப் பணத்தையும் உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டு, கிடந்த உடல்களை அப்படியே கழிவு விலைக்கு விற்றன. அவற்றை வாங்கியவர்களில் சிலர் ஒழுங்காகத் திருத்தினார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்து, நடந்ததைச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்றார்கள். அப்படிப்பட்ட படகை நான் இன்றைக்கும் வாங்குவேன். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் மிச்சப் பதிவில் சொல்லப்போகிறேன்.

கிரனடா என்ற பதில் நம்பக்கூடிய பதில். அந்தத் தீவு புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே கிடக்கிறது. ஜூனில் இருந்து நவம்பர் முடியும் வரை படகை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கும்படி இன்சூரன்ஸ்காரர்களே சொல்வதுண்டு. கடல் தெரிந்த பொய்யன்தான் இப்படி ஒரு பொய்யைச் சொல்லுவான்.

விலை பேசி, பத்து வீத முற்பணத்தைப் புரோக்கரின் பொறுப்புக் கணக்கில் (விற்பனை முடியும்வரை பணம் நிற்கும் கணக்கு) போட்டோம். அடுத்தது சேர்வே. செலவு வாங்குகிறவருடையது; படகைத் தண்ணீரில் இருந்து தூக்கும் கூலியும் அப்படித்தான். புரோக்கர் மூன்று சேர்வேயர்களின் பெயர் தந்தார். மூன்று பேரும் முறையான சங்கத்தில் பதிந்தவர்கள். அதில் ஒருவரைப் பிடித்தோம். 1,400 டொலர் வாங்கிக்கொண்டு, வடிவான வண்ணப் படங்களோடு நாற்பது பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை தந்தார். தீயணைக்கும் கருவி காலாவதி, ஒரு பம்ப் வேலை செய்யவில்லை, சமையல் வாயுக் குழாய் பழசு. இப்படிச் சின்னச் சின்னக் குறைகள் நிறைய இருந்ததால் மனுசன் கூர்மையாகப் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கை தானாக வந்தது. உடலின் ஈரத்தைப் பற்றி "வயதுக்கு ஏற்ற அளவில்" என்று ஒரே ஒரு வரி. அளவுகள் இல்லை, எந்தெந்த இடத்தில் வைத்துப் பார்த்தார் என்ற வரைபடமும் இல்லை. பாய்மரத்துக்கு மேலே அவர் ஏறவில்லை. அதற்கு ரிகர் என்று தனி ஆள் வேண்டும் என்பது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

வெள்ளோட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது இரண்டு எஞ்சினும் ஏற்கனவே சூடாக ஓடிக்கொண்டிருந்தன. இதை ஒரு மரியாதை மாதிரிச் செய்வார்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்கள் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் இருப்பதற்கான வழி அது. காற்றும் அன்றைக்கு இல்லையென்றே சொல்லலாம். அமைதியான தண்ணீரில் எல்லாக் கட்டமரானும் நல்ல கட்டமரான்தான்.

பணம் முழுதும் கைமாறியது. கனடாவில் படகைப் பதிய, முந்தைய கொடியின், அதாவது முன்பு பதிந்திருந்த நாட்டின், பதிவில் இருந்து அதை நீக்கிய சான்றிதழ் வேண்டும். படகு வேறொரு கரிபியன் நாட்டின் கொடியில் இருந்தது. "சான்றிதழ் சில கிழமைகளில் வரும், எல்லா விற்பனையிலும் இப்படித்தான்" என்றார் புரோக்கர். அது வந்து சேர முன்னமே எங்களுக்கு விசயம் விளங்கத் தொடங்கிவிட்டது.

மயாமியில் இருந்து பஹாமாஸின் பிமினித் தீவு 50 கடல்மைலுக்குள். நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வடக்குக் காற்று அதற்கு எதிராக அடித்தால் அலை சுவர்போல் எழும்பும். அதனால் எல்லோரையும்போல் நாங்களும் காற்று திரும்பும்வரை காத்திருந்து, தென்கிழக்குக் காற்றில் விடியமுன் வெளிக்கிட்டோம். பெரிய கடல் என்று சொல்ல முடியாது. கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் வலதுபக்க உடலுக்குள் இருந்து ஒரு முனகல் சத்தம். மூத்தவள் கழிவறைக்குப் போய்விட்டுக் கதவைத் திறக்க முடியாமல் உள்ளே நின்று கத்துகிறாள். கதவுச் சட்டம் ஒவ்வோர் அலைக்கும் சரிந்து சரிந்து கதவைப் பிடித்துக்கொண்டது. இவர் தோளால் இடித்துத் திறந்தார். தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர். நக்கிப் பார்த்தேன், உப்பு. பாயை இறக்கி, இரண்டு எஞ்சினையும் போட்டுத் திரும்பிவிட்டோம். சின்னவன் அன்றையில் இருந்து அந்தப் பக்க அறையில் படுக்க மாட்டேன் என்று நின்றான்.

இருபத்திரண்டு அடி அகலப் படகைத் தூக்குகிற யார்ட் எல்லா இடத்திலும் இல்லை. ஒன்றைத் தேடிப் பிடித்து ஏற்றினோம். இந்த முறை யாரும் சிபாரிசு செய்யாத ஒரு சேர்வேயர், அவரோடு பைபர்கிளாஸ் வேலை செய்கிற ஒருவர். கட்டமரானின் இரண்டு உடல்களும் தனித்தனியே அசையப் பார்க்கும். அவற்றைக் குறுக்கே பிடித்து வைத்திருப்பது பல்க்ஹெட் என்கிற தடுப்புச் சுவர்தான். அந்தச் சுவர் உடலோடு பைபர் பட்டையால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அலுமாரியைக் கழற்றியதும் அந்தப் பட்டை முழு நீளத்துக்கும் உரிந்து தொங்கியது. பழைய பெயின்ற்றைத் தேய்த்து எடுக்காமல் அதன்மேலேயே ஒட்டியிருக்கிறார்கள் என்றார் பைபர்காரர். வெளியே பெயின்ற்றைச் சுரண்டினால் விரல் தடிப்புக்குப் புட்டி. அதற்குக் கீழே, இரண்டு பைபர் தகடுகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய பால்சா மரம், ஊறிக் கறுத்த சக்கையாகப் பிதுங்கியது.

மாமா பிள்ளைகளைப் பார்க்க அந்த நேரம் அங்கே வந்திருந்தார். ஒருவரும் கேட்காமலே ஸ்குரூட்ரைவரின் பிடியால் அணியத்தில் இருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே நடந்தார். டங், டங் என்று வந்த சத்தம் நடுவில் தொப், தொப் என்று மாறியது. "இஞ்ச பார் பிள்ளை, இதில சத்தம் செத்துப்போச்சு" என்று சோக்கால் கோடு போட்டார். புதுச் சேர்வேயரின் ஈரமானி காட்டிய எல்லையும் கிட்டத்தட்ட அந்தக் கோடுதான். நாங்கள் 1,400 டொலர் கொடுத்த ஆளிடமும் சுத்தியல் இருந்தது. இந்த இடத்தில் தட்டினாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

இன்னும் இரண்டு விசயங்கள். மேலே ஏறிய ரிகர், பாய்மரக் கம்பிகளில் வலதுபக்கத்தில் உள்ளவை மட்டுமே புதியவை என்றார். விளம்பரத்தில் "புதிய கம்பிகள்" என்று இருந்ததல்லவா, அது அரைவாசி உண்மை. அடுத்தது, அலுமாரிக்குப் பின்னால், கை போகாத ஒரு மூலையில், சேறும் காய்ந்த இலைகளும் அடைந்து கிடந்தன. தடித்த இலைகள். கண்டல் இலை என்று மாமா பார்த்தவுடனேயே சொன்னார்.

அதன்பிறகு நான் படகை விட்டுவிட்டுக் கடதாசியைப் பிடித்தேன். ஒவ்வொரு படகுக்கும் உடல் எண் ஒன்று உண்டு. பின்பக்கம் வலது மூலையில் வெளியே தெரியும்படி ஒன்று, உள்ளே மறைவான இடத்தில் அதே எண் இன்னொன்று. வெளியே இருந்த எண் புதிய பெயின்ற்றில் பாதி மூடியிருந்தது. உள்ளே இருந்ததைக் கண்டுபிடித்து, படம் எடுத்து, கட்டிய கம்பனிக்கு அனுப்பினேன். சுணங்காமல் பதில் வந்தது: 2012இல் டொர்டோலாவுக்கு, வாடகைச் சேவைக்காகக் கொடுத்த படகு, அப்போது அதன் பெயர் இன்னது. அந்தப் பெயரை வைத்துத் தேடினால் 2017 ஒக்டோபரில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. எங்கள் படகு வலதுபக்கமாகச் சரிந்து கண்டலுக்குள் கிடக்கிறது. மேலே இன்னொரு கட்டமரான். முதல் உரிமையாளரையும் தேடிப் பிடித்தேன். ஐரோப்பாவில் இருக்கிறார். முழு நட்டம் என்று இன்சூரன்ஸ் கணக்குத் தீர்த்துவிட்டது, அதற்குப் பிறகு படகை நான் காணவேயில்லை என்று எழுதினார்.

எல்லாம் தெரிந்த பிறகு, முந்தைய கொடியின் நீக்கச் சான்றிதழும் ஆடிப்பாடி வந்து சேர்ந்தது. அந்தப் பதிவே 2018இல்தான் தொடங்கியிருக்கிறது. 2012இல் இருந்து ஒரே உரிமையாளர் என்ற கதைக்கு அந்த ஒரு திகதி போதும். அந்தக் கடதாசி பணம் கொடுக்க முதல் எங்கள் கைக்கு வராதது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன்.

ஒன்ராறியோவில் ஒரு பழைய கார் விற்கிறதென்றால்கூட, அதன் பதிவு வரலாறு அடங்கிய தகவல் பொதியை விற்கிறவர் வாங்கித் தரவேண்டும் என்று சட்டம். நாடு மாறி, கொடி மாறி, பெயர் மாறி வருகிற படகுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே சேர்வேக்குக் காசு கட்டுவதற்கு முன் உடல் எண்ணின் படத்தைக் கேளுங்கள், உள்ளே இருப்பதையும் சேர்த்து. தர மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, படகைக் கட்டிய கம்பனிக்கு நீங்களே எழுதுங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் பதிந்த படகென்றால் உரிமை மாறிய வரலாற்றைச் சின்னக் கட்டணத்தில் அவர்களிடமே எடுக்கலாம். வேறு கொடியென்றால் பதிவு தொடங்கிய திகதியுள்ள பிரதி வரும்வரை பணம் பொறுப்புக் கணக்கைவிட்டு அசையக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லுங்கள். புயல் நேரம் எங்கே நின்றது என்பதற்கு வாய்ச்சொல் வேண்டாம். அந்த மாதத்தின் மரீனா ரசீதோ இன்சூரன்ஸ் கடதாசியோ காட்டட்டும். சேர்வேயரை, புரோக்கர் தந்த பட்டியலுக்கு வெளியே, முடிந்தால் வேறு ஊரில் இருந்து பிடியுங்கள். மாதாமாதம் வேலை அனுப்புகிற கையை அவர் கடிப்பாரா?

இப்போது எங்கள் நிலை. திருத்த மதிப்பீடு 110,000 டொலரைத் தாண்டுகிறது. வாங்க முன்னமே இருந்த சேதம் என்று இன்சூரன்ஸ் கைவிரித்துவிட்டது. விற்றது டெலவெயர் மாநிலத்தில் பதிந்த ஒரு கம்பனி. உரிமையாளரின் பெயரைப் பொதுவில் காட்டத் தேவையில்லாத இடம் அது. விற்பனை முடிந்த கொஞ்சக் காலத்தில் அந்தக் கம்பனியைக் கலைத்துவிட்டார்கள். சேர்வேயரின் ஒப்பந்தப்படி அவருடைய பொறுப்பு அவர் வாங்கிய கட்டணத்தோடு சரி. "விற்றவர் சொன்னதைத்தான் நான் எழுதினேன்" என்கிறார் புரோக்கர். விற்பனை ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடியே" என்ற வரி இருக்கிறது, அதன் கீழ் எங்கள் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் நேரடியாகக் கேட்ட கேள்விக்கு எழுத்தில் சொன்ன பொய்யை அந்த வரி மூடாது என்று வழக்கறிஞர் நம்புகிறார். அந்தக் கிரனடா ஈமெயில் ஒன்றுதான் எங்கள் கையில் உள்ள பிடி. புளோரிடாவில் படகுப் புரோக்கர்களுக்கு மாநில உரிமம் வேண்டும். உரிமம் கொடுக்கும் திணைக்களத்துக்கும் முறைப்பாடு போட்டிருக்கிறோம்.

படகு இன்னும் அந்த யார்ட்டில்தான், மாதவாடகை அடிக்கணக்கில் ஏறிக்கொண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டார்கள். பரக்கீற்றா பேயில் கிடந்த படகுகளின் படங்களும் பழைய பெயர்களும் தேடித் தேடி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். யாராவது கரிபியனில் இருந்து வந்த கட்டமரானுக்கு விலை பேசிக்கொண்டிருந்தால் உடல் எண்ணையும் பழைய பெயர் தெரிந்தால் அதையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். முற்பணம் கட்ட முதல் அனுப்புங்கள்.