எலும்பு சூப்பால் இளைக்க முடியுமா? பட்டினி நாள், முன்சூப், கொள்ளு, பவுடர் – ஓர் அலசல்

ஆட்டுக்கால் சூப் நம் ஊரில் உடம்பு தேறுவதற்கென்று வைப்பது. கை கால் முறிந்து கட்டுப் போட்டவருக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கொடுப்பார்கள். அதே சூப்பை இளைப்பதற்குக் குடிக்கச் சொல்லும் 21 நாள் திட்டம் ஒன்று 2015 வாக்கில் அமெரிக்காவில் பிரபலமாகி, இப்போது இங்கும் ஜிம் வாசல் வரை வந்துவிட்டது. பண்டம் ஒன்றுதான், கேட்கும் வேலைதான் நேர்மாறு. ஆகவே சூப் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அதை எந்த இடத்தில் வைக்கிறோம், அதற்குப் போட்டியாக என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதே உருப்படியான வேலை.

சூப் மட்டும் குடிக்கும் நாள்

அசல் திட்டம் இப்படி: வாரத்தில் 5 நாள் தானியம், பருப்பு, பால், சர்க்கரை, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. கறி, மீன், முட்டை, காய்கறி, கூடவே 2 கப் சூப். மீதி 2 நாள் சூப் மட்டும், அதிகபட்சம் 6 கப். விரும்பினால் 5 கப்போடு நிறுத்தி, இரவில் கொஞ்சம் கறியும் காயும் சாப்பிடலாம்.

நம் கணக்குக்கு மாற்றினால் இட்லி, தோசை, சோறு, சாம்பார், தயிர், டீ எல்லாம் ஒரே நாளில் நிற்கின்றன. எடை குறைவதில் பெரும்பங்கு இந்த நிறுத்தத்துக்கே. சூப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது.

கொழுப்பு எடுத்த சூப் ஒரு கப்புக்கு (240 மி.லி.) சுமார் 40 கலோரி என்று வைப்போம். 6 கப் குடித்தால் 240. ஒரு நாளைக்கு 1,900 கலோரி செலவழிப்பவருக்கு 2 பட்டினி நாளில் ஏறக்குறைய 3,300 கலோரி மிச்சம். உடல் கொழுப்பு 1 கிலோவுக்கு 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. ஆக, வாரத்துக்கு 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. மறுநாள் பிரியாணியில் அதை ஈடு கட்டாமல் இருந்தால்தான் இதுவும்.

முதல் வாரம் தராசு 2 கிலோ குறைத்துக் காட்டுவதும் உண்டு. மாவுச்சத்தை நிறுத்தியதும் ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீர் போவதைத்தான் தராசு முதலில் காட்டுகிறது. சோற்றுக்குத் திரும்பிய சில நாளில் அது திரும்பிவிடும். திட்டம் தோற்றுவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை, முதல் வார எண்ணை நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

இடைவெளி விட்டுப் பட்டினி கிடப்பதையும் தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் எடை இழப்பு பெரும்பாலும் சரிக்குச் சரியாகவே இருந்திருக்கிறது. எனவே 2 நாள் பட்டினி யாருக்குச் சுலபமோ அவர்களுக்கு அது ஒரு வழி. தனி மந்திரம் எதுவும் இல்லை.

இந்த வழியின் பலவீனம் புரதம். சூப் கெட்டியாக உறைவதைப் பார்த்து 'புரதம் நிறைய' என்று மகிழ்கிறோம். உறைவது ஜெலட்டின். எலும்பு மூட்டிலும் தோலிலும் ஜவ்விலும் இருக்கும் கொலாஜன் வெந்து அப்படி மாறுகிறது. உடலால் தானே தயாரிக்க முடியாத, உணவிலிருந்தே வர வேண்டிய புரதக் கூறுகளில் ஒன்றான டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. தசையைக் காப்பாற்ற அதை மட்டும் நம்ப முடியாது. இந்திய பரிந்துரைப்படி கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு அது 58 கிராம். 6 கப் சூப்பில் எவ்வளவு வரும் என்பது சூப்பின் கெட்டியைப் பொறுத்தது, எவ்வளவு வந்தாலும் அது அரைகுறைப் புரதம்தான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் விலங்குத் தோல், ஜவ்வு, எலும்பிலிருந்து எடுத்த கொலாஜனைக் கரைத்து 'திரவப் புரதம்' என்று விற்றார்கள். வேறெதுவும் சாப்பிடாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதைக் குடித்து இளைத்தவர்களில் சுமார் 60 பேர் இறந்ததாகப் பதிவானது. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. வாரத்தில் 2 நாள் சூப் குடிப்பதும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் 'நல்லா இளைக்குது' என்று 2 நாளை 7 நாளாக, 7-ஐ 20-ஆக நீட்டுபவர் போய்ச் சேரும் பாதை அதுதான்.

உப்பையும் பார்க்க வேண்டும். கப்புக்குக் கால் டீஸ்பூன் உப்பு போட்டால் 6 கப்பில் 9 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் அளவு 5 கிராமுக்குள். இன்னொன்று, நார்ச்சத்து பூஜ்யம். மூன்றாம் நாள் மலச்சிக்கல் என்று புலம்புவதற்கு இதுவே காரணம்.

சாப்பாட்டுக்கு முன் ஒரு கப்

இதை யாரும் 'டயட்' என்று விற்பதில்லை, விற்க அதில் ஒன்றும் இல்லை. மதியமோ இரவோ சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பு 1 கப் சூப். பிறகு வழக்கமான சாப்பாடு.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007-ல் வெளியான ஆய்வில், மதிய உணவுக்கு முன் சூப் குடித்தவர்கள் சூப்பின் கலோரியையும் சேர்த்தே சுமார் 20 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். அங்கே கொடுத்தது சாறும் காய்கறியும் சேர்ந்த சூப். காய் துண்டாக இருந்ததா மசித்து இருந்ததா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆக வெறும் எலும்புச் சாறைவிட, அதில் சுரைக்காய், முட்டைக்கோஸ், பீன்ஸ், முருங்கைக்கீரை என்று ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்கவைப்பது அந்த முறைக்கு நெருக்கமானது. நார்ச்சத்துக் குறையும் அதிலேயே பாதி தீரும்.

700 கலோரி சாப்பாட்டில் 20 சதவீதம் என்றால் 140. மதியமும் இரவும் கடைப்பிடித்தால் வாரத்துக்கு 2,000-க்குச் சற்றுக் குறைவு, கால் கிலோ அளவு. பட்டினி வழியைவிட மெதுவானது. ஆனால் தலைவலி இல்லை, இரவு 11 மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேட வேண்டியதில்லை, மாதக்கணக்கில் ஓட்டலாம். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் எங்கள் ஓட்டு இதற்கே. சூப்போடு 2 அவித்த முட்டையும் (சுமார் 12 கிராம் முழுமையான புரதம், 150 கலோரி அளவு) ஒரு கிண்ணம் காயும் வைத்தால் இரவுச் சாப்பாடே முடிந்துவிடும். பட்டினி நாள்தான் வேண்டும் என்பவர்கள் இந்தச் சேர்க்கையை அந்த நாளுக்குள் ஒரு வேளையாவது நுழைப்பது நல்லது.

எந்த எலும்பு?

எந்த வழியானாலும் பானைக்குள் போவது முக்கியம். ஒரே 'எலும்பு சூப்' என்ற பெயரில் 30 கலோரியும் இருக்கலாம், 150-உம் இருக்கலாம்.

*ஆட்டுக்கால்.* ஜெலட்டினுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. 4 கால் கொண்ட ஒரு செட்டைத் தீயில் வாட்டி, கறுப்பைக் கத்தியால் சுரண்டி, மஞ்சள் தூளும் கோதுமை மாவும் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கவிச்சி போவது இந்தப் படியில்தான், இதைத் தவிர்த்துவிட்டு மசாலாவைக் கூட்டிப் பயனில்லை. அடுத்து ஒன்றரை லிட்டர் தண்ணீர், தட்டிய இஞ்சி, பூண்டு, 10 சின்ன வெங்காயம், மஞ்சள் தூள். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடும் முன் நுரையை எடுத்துவிட்டு, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 45 நிமிடம். 5 கப் கிடைக்கும். மிளகையும் சீரகத்தையும் கடைசியில் பொடித்துப் போடுங்கள், நேரமாகக் கொதித்த மிளகு கசக்கும். உப்பும் கடைசியில்தான், லிட்டருக்கு அரை டீஸ்பூன் போதும். முதலிலேயே போட்டால் சுண்டச் சுண்ட கரிக்கும்.

*கோழி.* கழுத்து, முதுகெலும்பு, கால் கலந்து 1 கிலோ, 2 லிட்டர் தண்ணீர், குக்கரில் 30 நிமிடம். கால் சேர்த்தால்தான் உறையும், வெறும் முதுகெலும்பில் தண்ணியாகவே நிற்கும். கால் மலிவு, பல கடைகளில் கேட்டால் மட்டுமே எடுத்துத் தருவார்கள், நகத்தை வெட்டச் சொல்லி வாங்க வேண்டும். பிராய்லர் எலும்பு மெல்லியது. ஒரு மணி நேரம் தாண்டினால் நொறுங்கி, சூப் கலங்கி, எலும்புத் துணுக்கு தொண்டையில் மாட்டும். மெல்லிய துணியில் வடிகட்டாமல் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்காதீர்கள். வாரம் பூராவும் வைக்க வேண்டிய சூப்புக்கு விலை, நேரம் இரண்டிலும் கோழியே தோது.

*நல்லி எலும்பு.* ஆடோ மாடோ, உள்ளிருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. ருசிக்கு ராஜா, இளைப்பதற்கு எதிரி. மாட்டெலும்பு வாங்குகிறவர்கள் நல்லியைக் குறைத்து முட்டி எலும்பைக் கேளுங்கள்.

எதுவானாலும் கொழுப்பை எடுக்கிற படிதான் எடைக் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஒரு டீஸ்பூன் கொழுப்பு 40 கலோரி. கப்புக்கு 2 டீஸ்பூன் மிதந்தால் சூப்பைவிட மிதப்பதில் கலோரி அதிகம். சூடாக இருக்கும்போது கரண்டியால் வழித்தால் முழுதாகப் போகாது. ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தால் மேலே வெள்ளைத் தகடாக உறையும், அப்படியே தூக்கி எறியலாம். அவசரத்துக்கு எவர்சில்வர் கரண்டியில் ஐஸ்கட்டி போட்டு, அதன் அடிப்புறத்தைச் சூப்பின் மேல் தடவினால் கொழுப்பு ஒட்டிக்கொண்டு வரும்.

ஆறவைப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். குக்கரோடு அடுப்பு மேடையில் விடிய விடிய வைத்துவிட்டு, காலையில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. இறைச்சிச் சாற்றில் வளரும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிக்கும் சூட்டிலும் சாகாது, வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் இறக்கி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். 3 நாள் வரும். ஃபிரீசரில் 2 மாதம்.

எலும்பிலிருந்து கால்சியம் இறங்கட்டும் என்று வினிகர் ஊற்றுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி வினிகரால் பெரிதாக ஒன்றும் இறங்காது. ஒரு கப் பாலில் இருக்கும் கால்சியத்துக்குச் சூப் பக்கத்தில்கூட வராது.

கொள்ளு

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை வைத்துக்கொண்டு வெளிநாட்டுச் சூப்பைத் தேடுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். 30 கிராம் கொள்ளில் சுமார் 100 கலோரி, 6 கிராமுக்கு மேல் புரதம், நல்ல நார்ச்சத்து. எலும்புச் சாற்றில் இல்லாத டிரிப்டோபனும் உண்டு. விலையில் ஆட்டுக்கால் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் கொள்ளைச் செய்யும் விதத்தில் ஒரு தப்பு பரவலாக நடக்கிறது. வேகவைத்த தண்ணீரை வடித்து ரசம் வைத்துக் குடித்துவிட்டு, பயறைத் தள்ளிவிடுகிறார்கள். புரதமும் நாரும் பயறோடு போய்விடும், மிஞ்சுவது மணமான சுடுதண்ணீர். 8 மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் 6, 7 விசில் விட்டு, பாதியை மசித்து, பாதியை முழுசாக விட்டுச் சூப்பாக்கினால்தான் கொள்ளு கொள்ளாக இருக்கும். வாயு தொந்தரவு இருந்தால் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூண்டும் பெருங்காயமும் சேர்க்கலாம். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பதை அப்படியே நம்ப வேண்டாம், வயிற்றை நிரப்பும். முன்சூப்பாக வைப்பதற்கு அது போதும். சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

பவுடர், கட்டி, தள்ளுவண்டி

சூப் கட்டியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. உறையின் பின்புறத்தில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் முதலில் நிற்பது உப்பு. கொலாஜன் பவுடர் வேறு ரகம்: 10 கிராமில் 9 கிராம் அளவு புரதம், 40 கலோரிக்குள், கொழுப்பு இல்லை. வேலைக்குப் போகிறவருக்கு வசதி, ஆனால் மேலே சொன்ன அதே அரைகுறைப் புரதம், பல மடங்கு விலையில். அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

மாலை நேரத் தள்ளுவண்டி சூப்பைப் பலர் டயட் கணக்கில் எழுதுகிறார்கள். சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கி, மேலே எண்ணெய் மிதக்கும் டம்ளர் அது. ஆசைக்குக் குடிக்கலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

யாருக்கு எது ஆகாது

யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களுக்கு எலும்புச் சூப் வேண்டாம். கறியில் உள்ள பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) சாற்றில் இறங்கிவிடும். ரத்த அழுத்தக்காரர்கள் உப்பில்லாமல் மிளகும் எலுமிச்சையும் வைத்துக் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வகையையும் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பட்டினி நாள் பக்கமே போக வேண்டாம். பித்தப்பையில் கல் உள்ளவர்களுக்கு வேகமான எடை இழப்பே தொந்தரவைக் கிளப்பும்.

சர்க்கரை நோய்க்காரர்கள்தான் அதிக கவனமாக இருக்க வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு சூப் மட்டும் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும்: கை நடுக்கம், வியர்வை, மயக்கம். டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், சர்க்கரை அளவு அவ்வளவு ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் அபாயம் உண்டு. இவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 1 கப் என்ற வழியே தோது. பட்டினி நாள்தான் வேண்டும் என்றால், மருந்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிய பிறகு அடுப்பைப் பற்றவைக்கலாம்.