உரக்க வாசிக்க ஏற்ற நாவல்: 'தி ஹாபிட்'

ஜே. ஆர். ஆர். டோல்கீன் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதையே 1937 செப்டம்பரில் 'தி ஹாபிட்' என்ற நாவலாக வெளிவந்தது. பதிப்பாளரின் 10 வயது மகன் ரேய்னர் அன்வின், ஒரு ஷில்லிங் கூலிக்குக் கையெழுத்துப் படியைப் படித்து, 5 முதல் 9 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு இது பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தார். 5 வயது சற்று முன்கூட்டியது என்பது என் கருத்து. 7 வயதுப் பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்ட இதைவிடப் பொருத்தமான மிகுபுனைவு நாவலை நான் அறியேன்.

கதைசொல்லி அடிக்கடி குறுக்கிட்டுக் கேட்பவரிடம் நேரடியாகப் பேசுவதால், வாசிப்பவர் தனியாக நடிக்க வேண்டியதில்லை. கரடியாக உருமாறக்கூடிய பியோர்னின் வீட்டுக்குள், புதையலை மீட்கப் பயணம் போகும் குள்ளர்கள் இருவர் இருவராக வந்து நுழைய, ஒவ்வொரு வருகையிலும் மந்திரவாதி காண்டால்ஃப் சொல்லும் கதை தடைபட்டு, மேலும் கேட்கும் ஆவலிலேயே பியோர்ன் அத்தனை பேரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் பகுதியில், குழந்தைகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகன் பில்போ என்ற ஹாபிட்டும் கோல்லம் என்ற குகைவாசியும் மோதும் விடுகதைப் போட்டிதான் இந்நூலின் சிகரம். ஒவ்வொரு விடுகதைக்கும் பிறகு புத்தகத்தை மூடிவைத்து, விடை வரும்வரை காத்திருப்பது நல்லது. யோசிக்க நேரம் கேட்டுப் பில்போ பதறிக் கத்தியதே சரியான விடையாகிவிடும் இடத்தில் எழும் சிரிப்புக்கு அந்தக் காத்திருப்பு தகும். முதல் பதிப்பில் கோல்லம் ஓரளவு நாணயமானவன். இன்று கடைகளில் கிடைப்பதோ 1951இல் திருத்தப்பட்ட, அச்சம் கூடிய வடிவம். ஆகவே அந்த அத்தியாயத்தை உறங்கப்போகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளாமல் பகலில் வாசிப்பதே உத்தமம்.

குறைகளும் உண்டு. முதல் அத்தியாயம் நீளமானது. குள்ளர்கள் 13 பேருக்கும் தனித்தனிக் குரல் கொடுக்க முயல்வது வீண். தலைவன் தோரின், பாலின், பாம்பர் ஆகிய மூவருக்குக் கொடுத்தால் போதும். பெண் பாத்திரங்கள் கிட்டத்தட்ட இல்லாததைப் பெண் குழந்தைகள் விரைவிலேயே கவனித்துவிடுவார்கள். புதையலைக் காத்துவந்த டிராகன் ஸ்மாக் மாண்ட பின்னர்ப் புதையல் பங்கீட்டைப் பற்றி நீளும் பேரப் பேச்சுகளில் சிறியவர்கள் நெளிவது தவிர்க்க இயலாதது. நான் அங்கே சில பத்திகளைத் தயக்கமின்றிச் சுருக்கினேன். இறுதியில் வரும் பெரும்போரின் நடுவே கல் பட்டுப் பில்போ மயங்கிவிடுவதால் அதன் முடிவு பிறகு கேட்டறியும் செய்தியாகவே வருகிறது. சண்டைக்காகக் காத்திருந்த பிள்ளைகளுக்கு இது ஏமாற்றம். தோரினோடு இளையவர்களான ஃபீலியும் கீலியும் இறப்பதைப் பெற்றோர் முன்கூட்டியே படித்துவைத்துக்கொள்வது அவசியம்.

வாங்கும்போது டோல்கீன் வரைந்த வரைபடமும் ஓவியங்களும் சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அவை இல்லாத மலிவுப் பதிப்பில், பயணம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்கும் குழந்தைக்கு விரல் வைத்துக் காட்ட எதுவும் இராது.