சொந்த ரூட்டர்: ஆர்ச்சர் சி6 வாங்கி மாட்டிய கதை

எங்கள் வீட்டில் ஒன்றரை அடிச் சுவர். ஃபைபர் இணைப்போடு கொடுத்த பெட்டி வாசல் அறையில் இருக்கிறது. பின்கட்டில் வைஃபை ஒரு கோடுதான் காட்டும். அதனால் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 வாங்கினேன்.

வாங்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய பெட்டியைத் தூக்கிப் போட முடியாது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றித் தருவது அதுதான். அதை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) போட்டு, பிபிபிஓஇ (இணைப்பு நிறுவனத்தில் உள்நுழையும் முறை) பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நம் ரூட்டரில் கொடுக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை வாங்கத்தான் பட்ட பாடு! இணைப்பு நிறுவனத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். "வெளி ரூட்டருக்கு சப்போர்ட் கிடையாது சார்" என்றே பாடினார்கள். கடைசியில் லைன் பார்க்க வந்த தம்பி ஐந்தே நிமிடத்தில் மாற்றிவிட்டு, விலான் எண்ணையும் (இணைய இணைப்புக்கு நிறுவனம் ஒதுக்கும் அடையாள எண்) சேர்த்துத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தார். சீட்டை ரூட்டரின் அடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

பதினைந்து மீட்டர் கேபிள் இழுத்து சி6-ஐ நடு ஹாலில் வைத்தேன். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் பின்கட்டில் முன்பு 8 வந்தது. இப்போது வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 60-க்குக் குறைவதில்லை. உண்மையைச் சொன்னால் பாதிப் பெருமை இடம் மாற்றியதற்குத்தான். லேன் போர்ட் நான்கும் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட் வரை), அது வசதி.

லேண்ட்லைன் இன்னும் பழைய பெட்டியில்தான். கரன்ட் போனால் இப்போது இரண்டுக்கும் யூபிஎஸ் வேண்டும். அந்தச் செலவை நான் யோசிக்கவே இல்லை.