பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா: எங்கள் அச்சகத்துக்கு நாங்கள் எடுத்த முடிவு

பெரியப்பா தவறிப் பதினோராம் நாள். பேப்பர் லோடு வாசலில் வந்து நிற்கிறது. சிவகாசியில் புரட்டாசி என்றால் காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடக்கும் மாதம். ஆடி 18 அன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட்டுப் பிடித்த ஆர்டரெல்லாம் மெஷினில் ஏற வேண்டிய நேரம். பேப்பர் ஏஜென்டுக்குச் செக் கொடுத்தோம், திரும்பி வந்துவிட்டது. பேங்க் கொடுத்த கடன் லிமிட்டில் பணம் இருந்தது. ஆனால் பார்ட்னர் ஒருவர் இறந்துவிட்டார் என்று தெரிந்ததும் எங்கள் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கை பேங்க் நிறுத்தி வைத்திருந்தது.

அன்று ராத்திரி பீரோவிலிருந்து பார்ட்னர்ஷிப் டீடை, அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை, எடுத்துப் படித்தோம். 1986இல் தாத்தா எழுதி வைத்தது, நாலே பக்கம். லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு, செக்கில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதோடு முடிந்துவிட்டது. ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. 1932ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு அந்த இடத்தில் நேராக உள்ளே வருகிறது: டீடில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, பார்ட்னர் ஒருவர் இறந்தாலே ஃபர்ம் கலைந்துவிடும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள், சட்டப்படி மட்டும் ஃபர்ம் இல்லை.

அவசரத்துக்குப் புது டீட் போட்டு, பெரியம்மா, இரண்டு அக்காமார், அண்ணன் நால்வரையும் பார்ட்னராகச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட வைத்தோம். அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து யோசித்தோம். டீடையே நன்றாக எழுதிப் பார்ட்னர்ஷிப்பாகத் தொடர்வதா, எல்எல்பி (கடன் பொறுப்புக்கு வரம்புள்ள பார்ட்னர்ஷிப்) ஆக்குவதா, பிரைவேட் லிமிடெட் ஆக்குவதா? 2021இல் பிரைவேட் லிமிடெட் ஆனோம். இன்று கேட்டாலும் என் ஓட்டு அதற்குத்தான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் சொல்லும் காரணம் அல்ல அது.

வழக்கமாகச் சொல்வது வரியும் கடன் பொறுப்பும். வரியில் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஃபர்முக்கு 30 சதவீதம். கம்பெனிக்கு, சலுகைகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் 22 சதவீதம், மேலே சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும். ஆனால் டிவிடெண்ட், அதாவது கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம், கைக்கு வரும்போது அவரவர் அதற்குத் தனியாக வரி கட்ட வேண்டும். பார்ட்னருக்கு வரும் லாபப் பங்குக்கு அந்த இரண்டாவது வரி கிடையாது. எங்கள் கணக்கில் கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடன் பொறுப்பு கம்பெனியோடு நின்றுவிடும் என்பதும் எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பாதி உண்மை. சிசி லிமிட் வேண்டுமென்றால் பேங்க் எல்லா டைரக்டரிடமும் சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறது.

எல்எல்பியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நடத்திப் பார்த்ததில்லை. பார்ட்னர் இறந்தாலும் அது கலையாது, விற்றுமுதல் 40 லட்சத்துக்குள்ளோ முதலீடு 25 லட்சத்துக்குள்ளோ இருந்தால் ஆடிட்டும் கட்டாயமில்லை. கன்சல்டன்சி, டிசைன் மாதிரி தொழிலுக்கு அது நன்றாகப் பொருந்தும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்வார்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: ஒருவர் வெளியே போனால், செத்துப் போனாலும் சரி, பிரிந்து போனாலும் சரி, அவர் பங்குக்கு என்ன விலை, யார் தருவது, எத்தனை நாளில் தருவது?

பார்ட்னர்ஷிப்பில் இறந்தவரின் வாரிசு தானாகப் பார்ட்னர் ஆவதில்லை. கணக்கு முடித்துக் கேட்கும் உரிமைதான் உண்டு. முடிக்காமல் மற்றவர்கள் தொழிலை நடத்திக்கொண்டே போனால், தன் பணத்தால் வந்த லாபத்தையோ வருடத்துக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசு கேட்கலாம். கேட்க எளிதாக இருக்கிறது. பெரியப்பா கணக்கை முடிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. பிரஸ் இருக்கும் இடம் ஃபர்ம் பெயரில் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் அதன் மதிப்பு, தாத்தா வாங்கிய விலை. அந்தத் தொகைக்கு இன்று அதே தெருவில் ஒரு ஷட்டர் கடைக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்க முடியாது. நாலு கலர் ஆஃப்செட் மெஷினோ தேய்மானம் கழித்துக் கழித்து, விற்றால் வரும் விலையில் பாதிக்கு வந்து நிற்கிறது. வெளியூர்க் கடைகளில் நிற்கும் பாக்கியில் எவ்வளவு வரும், எவ்வளவு வராது என்பது சித்தப்பாவுக்கு மட்டுமே தெரியும். “புத்தகத்தில் இருக்கிறபடி போட்டால் அப்பா நாற்பது வருஷம் உழைத்ததற்கு இதுதானா சித்தப்பா?” என்று பெரியக்கா கேட்டாள். சித்தப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது நியாயம். “மார்க்கெட் விலைக்குப் போட்டால் மெஷினை விற்றுத்தான் கொடுக்கணும்மா” என்று அவர் சொன்னதும் நியாயம்.

இதையெல்லாம் டீடிலேயே எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம். இரண்டு மூன்று பார்ட்னரோடு நிற்கும் தொழிலுக்கு அதுவே போதும் என்றும் நினைக்கிறேன். ஆனால் ஒருவர் வந்தாலும் போனாலும் டீட் மாற வேண்டும், பேங்கில் ஆவணங்கள் மாற வேண்டும், எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தலைமுறையில் மட்டும் ஒன்பது பேர். மூன்று பேர் வெளியூர், ஒருவர் துபாய். கம்பெனியில் ஆள் மாறினால் பங்கு கை மாறும், அவ்வளவுதான். கம்பெனிப் பெயரில் இருக்கும் கணக்கும் இடமும் ஆர்டரும் அசையாது.

ஆனால் கம்பெனி ஆக்கினால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது. கம்பெனிப் பங்கு வைத்திருப்பவருக்கு வெளியேறும் வழி எழுதி வைக்காவிட்டால், அவர் நிலைமை பார்ட்னரின் வாரிசைவிட மோசம். பங்கு கையில் இருக்கும், வாங்க ஆள் இருக்காது, நிர்வாகத்தில் குரலும் இருக்காது. முருகப்பா குழுமத்தில் வள்ளி அருணாச்சலம் தன் அப்பாவின் மறைவுக்குப் பிறகு குடும்பக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டதையும், 2020இல் ஓட்டெடுப்பில் அது கிடைக்காமல் போனதையும் பலர் படித்திருப்பீர்கள். அது சமரசத்துக்கு வர 2023 ஆகஸ்ட் ஆனது. அவ்வளவு பெரிய குடும்பத்துக்கே அப்படி.

வழியை எழுதினாலும் எங்கே எழுதுகிறோம் என்பது முக்கியம். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடும்பத்துக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டுப் பீரோவில் வைத்தால் போதாது. ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். அண்ணன் தம்பி இருவர், ஒரு பிரைவேட் கம்பெனி, ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒரு குடும்பக் கிளையில் யார் விற்றாலும் முதலில் அந்தக் கிளைக்குள்ளேயே கேட்க வேண்டும் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அடுத்த தலைமுறையில் ஒரு மகன் தன் பங்கை எதிர்க் கிளைக்கு விற்றுவிட்டார். அந்த நிபந்தனை கம்பெனியின் விதிமுறைப் பத்திரமான ஆர்ட்டிகிள்ஸில் இல்லை, ஆகவே கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. அதனால் எங்கள் ஆர்ட்டிகிள்ஸில், ரெடிமேடாகக் கிடைக்கும் மாதிரியை விட்டுவிட்டு, மூன்று விஷயங்களைத் தனியாக எழுதிச் சேர்த்தோம். விற்கிறவர் முதலில் தன் கிளைக்கும், அப்புறம் மற்ற கிளைகளுக்கும் கேட்க வேண்டும். விலையை ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 கணக்கை வைத்து ஆடிட்டர் போட்டுத் தர வேண்டும், இடத்துக்கும் மெஷினுக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேல்யூயர் மதிப்பு. பணம் கால்வாசி உடனே, மீதி நான்கு வருடத் தவணையில் வட்டியோடு.

விலையை வருடா வருடம் போடுவதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. யாரும் விற்கும் எண்ணத்தில் இல்லாதபோது போடும் விலை அது. விற்கப் போவது நானா, வாங்கப் போவது நானா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் கூட்டவும் குறைக்கவும் யாருக்கும் மனசு வருவதில்லை.

கம்பெனியின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். மாறும்போது புது பான், புது ஜிஎஸ்டி எண், எல்லாக் கடைக்காரருக்கும் தகவல். ஃபர்மைக் கம்பெனியாக மாற்றும்போது மூலதன ஆதாய வரி வராமல் இருக்க, பார்ட்னர்கள் எல்லாரும் அதே விகிதத்தில் பங்குதாரர் ஆக வேண்டும், ஐந்து வருடத்துக்கு 50 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கவும் வேண்டும். வருடாந்தரக் கணக்கையும் ரிட்டர்னையும் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய். முதல் வருடம் தவறவிட்டுக் கட்டினோம். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், பெட்டியிலிருந்து பணம் எடுக்கும் பழக்கத்தை நிறுத்தியது. முன்பெல்லாம் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் சித்தப்பா எடுத்துக்கொண்டு பற்று எழுதிவிடுவார். கம்பெனியில் பெரிய பங்குதாரர் அப்படிக் கடனாக எடுத்தால், அதையே டிவிடெண்டாகக் கருதி வரி போட இடமிருக்கிறது. இப்போது வேலை பார்க்கிறவருக்குச் சம்பளம், பங்குக்கு டிவிடெண்ட். அண்ணனும் நானும் வாங்குவது சம்பளம், பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கு வருவது டிவிடெண்ட். அவரவர் கணக்கு அவரவருக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இந்த விதிகள் நெருக்கடியில் தாங்குமா என்று இன்னும் முழுசாகச் சொல்ல முடியாது. இதுவரை யாரும் வெளியே போகவில்லை. இந்த ஆடியில் ஆல்பம் பூஜை முடிந்து சாப்பிடும்போது சின்னக்கா, மகள் படிப்புக்காகத் தன் பங்கில் பாதியை விற்கலாமா என்று கேட்டாள். விலைத்தாள் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. யாரும் விலை பேசவில்லை. அண்ணன் வாங்கிக்கொள்கிறான். முதல் கால்வாசி தை மாதம், கடைகளிலிருந்து காலண்டர் வசூல் வந்து சேர்ந்ததும் தருவதாகப் பேச்சு.